‘போயிட்டு வரேன்’: அயற்கூற்றாக மாற்றுக

புதிதாக வந்து சேர்ந்திருக்கும் இரண்டு மொழிபெயர்ப்பாளர்களுக்கும் வணக்கம். திங்கட்கிழமையிலிருந்து அந்த மேசை உங்களுடையது. இடதுபக்க இழுப்பறை இழுத்தால் வராது. முழங்காலால் அடியில் ஒரு தட்டு தட்டினால் வரும். மேசைக்கு எதிரில் வருகிறவர்களுக்காகப் போட்டிருக்கும் நாற்காலியின் ஒரு கால் குட்டை, அதற்கடியில் மடித்து வைத்திருக்கும் அட்டையைத் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். அலுவலக விஷயம் இவ்வளவுதான். மற்றதையெல்லாம் தலைமை எழுத்தர் சொல்லிக்கொடுப்பார், நீங்கள் கேட்காவிட்டாலும்.

நான் ஓய்வு பெறுகிறேன். இருபத்தாறு வயதில் என்ன ஓய்வு என்று சிரிக்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் மொழிபெயர்ப்பாளனாக ஐந்து வருடம் இருந்துவிட்டேன், அதில் மூன்றரை வருடம் ஜப்பான்காரர்கள் காலத்தில். அதைப் பெருக்கிப் பார்த்தால் எனக்கு அறுபது தாண்டிவிட்டது. அடுத்த மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். அங்கே ஒருவன் தப்பாக எழுதினால் சிவப்பு மையோடு போயிற்று. இந்த மேசையில் தப்பு நடந்தால் எதுவரை போகும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்குத் தமிழ் தெரியும், மலாய் தெரியும், ஆங்கிலம் தெரியும். தெரிந்ததால்தான் எனக்குப் பயம். எனக்கும் தெரிந்திருந்தது. அதிலும் நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றுவதில் என் வகுப்பில் என்னை மிஞ்ச ஆளில்லை. ‘ஐ’ வந்தால் ‘ஹீ’ ஆக்கு. ‘வில்’ வந்தால் ‘வுட்’ ஆக்கு. ‘டுமாரோ’ வந்தால் ‘தி நெக்ஸ்ட் டே’. கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன். அந்தத் திறமையை வைத்துக்கொண்டுதான் ஒரு மனிதரைச் சயாமுக்கு அனுப்பப் பார்த்தேன்.

அப்போது நான் கோலா கெத்தில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து அலுவலகத்தில் சின்னக் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. வெள்ளைக்கார துரை இரவோடு இரவாக லாரி ஏறிப் போய்விட்டார். துரையோடு பதினைந்து வருடம் ஆங்கிலம் பேசிய பெரிய கிராணிக்கு, ஜப்பான் அதிகாரி வந்து இறங்கிய அன்றே காது கேட்காமல் போயிற்று. மறுநாள் நாக்கும் குழறிற்று. அதிகாரியின் கார் தோட்டத்து வளைவைத் தாண்டியதும் இரண்டும் சரியாகிவிடும். அதனால் மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது என்று சொன்னால் அது பொய். நானே ஓடிப்போய்த் தலையை நீட்டினேன். இருபத்தோரு வயது. கையில் வித்தை இருக்கிறது, காட்டுவதற்கு மேடை கிடைக்கிறது, விடுவேனா?

அந்த அதிகாரி வாரத்தில் இரண்டு நாள் சுங்கைப் பட்டாணியிலிருந்து வருவார். சுற்றுவட்டாரத் தோட்டங்களின் ஆள் விவகாரம் முழுக்க அவர் கையில். இடுப்பில் வாள். சட்டைப் பையில் ஆங்கில இலக்கணப் புத்தகம். ஆங்கிலம் எதிரியின் மொழி, பேசாதே என்று பசாரெங்கும் ஒட்டியிருந்தார்கள். ஆனால் எனக்கு அப்போது ஜப்பான் மொழி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆக எதிரியின் மொழியில்தான் நாங்கள் நண்பர்கள் மாதிரி பேசிக்கொள்ள முடிந்தது. அதுவும் அவருடைய ஆங்கிலம் வாயில் வளர்ந்ததல்ல, புத்தகத்தில் வளர்ந்தது. ‘உட்கார்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘நீ அமர்ந்துகொள்வாயாக’ என்கிற மாதிரி வரும்.

முதல் நாளே நான் மாட்டிக்கொண்டேன்.

சடையன் என்று ஒரு பால் வெட்டுக்காரன். என் வயதுதான். வாயைத் திறந்தால் லயத்தின் வரிசை வீடுகளில் இரண்டுக்காவது சிரிப்புக் கேட்கும். அவன் முதல் ஆளாக வந்து நின்று, “மூணு நாளா காய்ச்சலுங்க, எழுந்திரிக்க முடியல, மரம் சீவ முடியாது,” என்றான். நான் நெஞ்சை நிமிர்த்தி, அப்படியே, ஒரு சொல் சிந்தாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்: எனக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

அதிகாரி என்னைப் பார்த்தார். எழுந்து வந்தார். என் நெற்றியில் புறங்கையை வைத்தார். பிறகு தோட்டத்து மருத்துவமனை டிரெசரைக் கூப்பிட்டு ஏதோ கட்டளையிட்டார். குவினைன் வந்தது. அந்த நாளில் குவினைனைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். “விழுங்குவாயாக,” என்றார்.

காய்ச்சல் எனக்கில்லை, இவனுக்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாள் வைத்திருப்பவர் கருணை காட்டும்போது இடையில் புகுந்து திருத்துவது எப்படி என்று எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. விழுங்கினேன். கசப்பு காது வரைக்கும் ஏறிற்று. சடையன் பக்கத்தில் காய்ச்சலோடு நின்று அதைப் பார்த்தான்.

வெளியே வந்ததும் ஆரம்பித்தான்: “எனக்குக் காய்ச்சலு, கிராணியாருக்கு மருந்து. நல்லா இருக்குய்யா நாயம். நாளைக்கு வந்து பசிக்குதுன்னு சொல்றேன், நீங்க சாப்புட்டுட்டு ஏப்பம் விடுங்க, எனக்கு வயிறு ரொம்பிடும்.”

“டேய் சடையா, கத்தாதடா.”

“கத்தல லா. நான் கத்துனா உங்களுக்குத்தான தொண்ட கட்டும்.”

அந்த அவமானத்திலிருந்துதான் என் விதி பிறந்தது. இனிமேல் யார் எதைச் சொன்னாலும் நேர்க்கூற்றில் சொல்லமாட்டேன். எல்லாம் அயற்கூற்று. அவன் தனக்குக் காய்ச்சல் என்று சொன்னான். அவள் தனக்கு அரிசி வரவில்லை என்று சொன்னாள். ‘நான்’ என்ற சொல்லே என் வாயில் வராது. யாருடைய காய்ச்சலும் என் மேல் ஒட்டாது.

அதிகாரிக்கு ஒரே மகிழ்ச்சி. அந்தப் பாடம்தான் அவருக்குப் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் காட்டியதாம். நான் காலத்தையும் இடத்தையும் தட்டாமல் தடுமாறாமல் மாற்றிக்கொண்டே போவதைக் கேட்டு, சில சமயம் பென்சிலால் காற்றில் சரி போடுவார். தேநீர் நேரத்தில் எனக்குப் பயிற்சி வாக்கியங்கள் கொடுப்பார். நான் விடை சொன்னதும் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திறந்து ஒத்துப் பார்ப்பார். அவர் கை நீளாமல் இருந்த நேரங்கள் அவைதான். அடுத்த தோட்டத்தில் பேச்சை மாற்றிச் சொன்ன ஒரு மொழிபெயர்ப்பாளரை, ஆளிடம் ஏதோ வாங்கிக்கொண்டு மாற்றினான் என்று சந்தேகப்பட்டு, அவர் வெளுத்த கதை எல்லோருக்கும் தெரியும். அது எனக்கும் தெரியும். ஆனால் நான்தான் பேச்சை மாற்றுவதில்லையே, இலக்கணத்தை மட்டும்தானே மாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு சயாம் ரயில் சடக்கு வந்தது. காட்டுக்குள் ரயில் பாதை போட ஆள் வேண்டும், மூன்றே மாதம், சோறு உண்டு என்றார்கள். எங்கள் தோட்டத்தில் அந்த முதல் சுற்றில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கேட்டார்கள் என்றால், பதிலை மதித்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் பிள்ளைப்பேறு, நோய் என்று ஏதாவது இருந்தால் அதிகாரி யோசிப்பார். வெறுமனே ‘வரமாட்டேன்’ என்றால் அதையும் எழுதிக்கொண்டு பெயரையும் எழுதிக்கொள்வார்.

நான்காவதோ ஐந்தாவதோ ஆளாக வந்தவர் முத்தையா. முப்பது வயதிருக்கும். அடுத்தவர் காலை மிதித்துவிட்டால் தன் காலுக்கு வலித்த மாதிரி முகம் சுளிக்கிற ஆள். “சம்சாரம் மாசமா இருக்குங்க. ஒம்போதாம் மாசம். அவளுக்கு வேற யாருமில்ல. நான் வரலீங்க,” என்றார்.

தம் மனைவி ஒன்பது மாதக் கர்ப்பிணி என்றும், அவளுக்கு வேறு யாரும் இல்லை என்றும், தம்மால் வர இயலாது என்றும் அவர் சொன்னார் என்றேன். அதிகாரி பென்சிலைத் தட்டிக்கொண்டு யோசித்தார். “நான் சிந்திப்பேன். அவன் போகலாம்,” என்றார்.

“யோசிக்கிறாராம். நீங்க போலாம்ணே,” என்றேன்.

முத்தையா கையெடுத்துக் கும்பிட்டார். “சரிங்கய்யா, போயிட்டு வரேன்,” என்றார்.

அதிகாரி தலையைத் தூக்கினார். “அவன் என்ன சொன்னான்?”

நான் ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. “ஹீ செட் தட் ஹீ வுட் கோ அண்ட் கம் பேக், சார்.” அவர் போய்விட்டுத் திரும்பி வருவதாகச் சொன்னார். ‘வில்’ என்பதை ‘வுட்’ ஆக்கிய அழகுக்கு அவர் காற்றில் சரி போடுவார் என்று காத்திருந்தேன். போட்டார். எதையோ எழுதியும் கொண்டார். முகத்தில் ஒரு பூரிப்பு. இலக்கணத்துக்காக என்று நினைத்தேன்.

நான் கவனிக்காததற்கு இன்னொரு காரணம், அடுத்து உள்ளே வந்தது சடையன். அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. “மூணு மாசம் மெய்யாலுமே சோறு போடுவானா? மரவள்ளிக்கிழங்கு தின்னு தின்னு எனக்கு உள்ளுக்குள்ளயே வேர் விட்டுருச்சு. கேட்டுச் சொல்லுங்க கிராணியாரே. பதில் மட்டும் எனக்கு வரட்டும், சோத்த நீங்க தின்னுடாதீங்க,” என்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்ப்பதே எனக்குப் பெரும்பாடாயிற்று. அவன் வருகிறேன் என்று தானாகவே பெயர் கொடுத்தான்.

மறுநாள் காலை பெரட்டு. ஆள் கணக்கெடுக்கும் அந்தக் களத்தில் பட்டியலை வாசிக்கும் வேலையும் என்னுடையது. அடுத்த நாள் விடிந்ததும் லாரி வரும், பெயர் வந்தவர்கள் தயாராக இருக்க வேண்டும். ஒன்பதாவதாக வாசித்துவிட்ட பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. முத்தையா.

“கிராணியாரே, தப்பா வாசிச்சிட்டீங்க போலருக்கு,” என்றார் அவர், எனக்கு வருத்தமாகிவிடக் கூடாதே என்கிற குரலில்.

“இல்லண்ணே. எழுதியிருக்கு. சொந்த விருப்பத்தில் வருவதாக எழுதியிருக்கு.”

“நான் வரலன்னுல சொன்னேன்?”

“ஆமா. நானும் அதத்தான் சொன்னேன்.”

“அப்புறம்?”

அப்புறம் என்ன என்று எனக்கும் விளங்கவில்லை. அதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவர் மனைவி அஞ்சலை வந்துவிட்டாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை வயிற்றின் மேல்.

“தள்ளுங்க. கிராணியாரே, நேத்து உள்ள என்னா நடந்துச்சுன்னு மொதல்லேர்ந்து சொல்லுங்க.”

“அண்ணன் சொன்னத நான் அவர்கிட்ட...”

“அப்படியில்ல. இவரு வாயில என்னா வந்துச்சு, உங்க வாயில என்னா வந்துச்சு. ரெண்டையும் தனித்தனியா சொல்லுங்க. ஒரு சொல்லு விடக் கூடாது.”

நேர்க்கூற்று ஒரு பக்கம், அயற்கூற்று ஒரு பக்கம். என் ஆசிரியர்கூட இவ்வளவு தெளிவாகக் கேள்வி போட்டதில்லை. வரிசையாகச் சொன்னேன். கர்ப்பம், யாருமில்லை, வரவில்லை. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

“கடைசியா?”

“கடைசியா ஒண்ணுமில்லக்கா. போலாம்னாரு. அண்ணன் போயிட்டு வரேன்னு கும்பிட்டாரு.”

“அத என்னான்னு சொன்னீங்க?”

“போய்விட்டுத் திரும்பி வருவதாக...”

“எங்க போயிட்டு?” என்றாள் அஞ்சலை.

சயாமுக்குப் போய்விட்டு என்றுதான் அதிகாரி எழுதிக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“ஏன் கிராணியாரே, ஒரு எடத்த விட்டுப் பொறப்படற மனுசன் வேற என்னா சொல்லுவான்? போறேன்னா சொல்லுவான்? எழவு வூட்லதான் சொல்லிக்காமப் போவாங்க. அது எழவு வூடுன்னு இவருக்குத் தெரியாமப் போச்சே!”

முத்தையா தலையைக் குனிந்துகொண்டு, “நாந்தான் பேசாம வந்திருக்கணும்,” என்றார். மரியாதையாக விடைபெற்றதற்கு அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கு என் காய்ச்சல வாங்கிக்கிட்டாரு,” என்றான் சடையன் பின்னாலிருந்து. “இன்னிக்கு இவரு ரயிலயும் அவரே வாங்கிக்கிடட்டும் லா.” சிலர் சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை.

“நாளைக்கு விடிஞ்சா லாரி,” என்றாள். “எந்த வாயால அனுப்புனீங்களோ, அந்த வாயாலயே என் புருசனக் கூட்டியாந்து விடுங்க.”

சுங்கைப் பட்டாணியில் இருக்கும் அதிகாரியின் அலுவலகத்துக்குச் சைக்கிளை எடுத்தேன். டயருக்குப் பதிலாகச் சக்கரத்தில் கெட்டி ரப்பர் பட்டையைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்த காலம் அது. ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பி முடிச்சு தரையில் ஒரு இடி இடிக்கும். அந்தத் தாளத்தில் நான் யோசித்துக்கொண்டே போனேன். ‘நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்’ என்றால், முத்திரை குத்திய பட்டியலை மாற்ற யாரிடம் எவ்வளவு வாங்கினாய் என்பார். ‘நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள்’ என்றால், அதைச் சொல்லி முடிக்க எனக்குப் பல் இருக்காது. ‘அவர் மனம் மாறிவிட்டார்’ என்றால், அடி முத்தையாவுக்கு. மூன்றிலும் யாராவது ஒருவர் உதை வாங்குவார், பெயர் மட்டும் அப்படியே இருக்கும்.

வழியில் பாக்கார் ஆராங்கில் என் அண்ணன் வீடு. அங்கே நிறுத்தி, அரிசிப் பானைக்குள் கையை விட்டு என் பழைய இலக்கணப் புத்தகத்தை எடுத்தேன். ஆங்கிலப் புத்தகம் வெளியே இருந்தால் ஆபத்து. பானையில் அரிசி இல்லாததால் இடம் தாராளமாக இருந்தது. நின்றபடியே அயற்கூற்றுப் பாடத்தைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில், நான் பரீட்சைக்குப் படிக்காமல் விட்ட ஒரு குறிப்பு இருந்தது. அதிலிருந்து கேள்வி வராது என்று வகுப்பே தீர்மானித்து விட்ட குறிப்பு. வணக்கம், வாழ்த்து, விடைபெறுதல் ஆகியவற்றில் சொற்களை மாற்றாதே, செய்த செயலை எழுது. ‘குட் மார்னிங்’ என்றான் என்பதைக் காலை நன்றாக இருப்பதாகச் சொன்னான் என்று எழுதாதே, வணக்கம் கூறினான் என்று எழுது.

விதி கிடைத்துவிட்டது. ஆனால் அது விடைபெறுதல்தான் என்று அவரை நம்பவைப்பது எப்படி? என் சொல்லைத் தவிர சாட்சி ஏது?

அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சுவர்க் கடிகாரம் உச்சி வேளையைத் தாண்டியிருந்தது. ஜப்பான்காரர்கள் ஊரெங்கும் மாற்றிவைத்த டோக்கியோ நேரம். வெளியே சூரியன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருந்தான். நான் வாசலில் குனிந்து வணங்கி நிமிரவும், அதிகாரி சாப்பாட்டுக்குக் கிளம்பித் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே வரவும் சரியாக இருந்தது. உள்ளே தட்டச்சு செய்துகொண்டிருந்த சிப்பாயைப் பார்த்து வழக்கம்போல, “இத்தே கிமாசு,” என்றார்.

அதை நான் நூறு தடவை கேட்டிருப்பேன். மாலை வகுப்பில் நிப்பொன் மொழி படிக்கத் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. இத்தே என்றால் போய். கிமாசு என்றால் வருகிறேன். தனித்தனியாக இரண்டும் எனக்குத் தெரியும். சேர்த்து ஒருநாளும் காதில் விழுந்ததில்லை. அன்றைக்கு விழுந்தது.

“உனக்கு என்ன தேவைப்படுகிறது?” என்றார்.

“ஒரு இலக்கணச் சந்தேகம், சார்.”

“உணவு வேளையிலா?”

“அயற்கூற்று, சார்.”

தொப்பியைக் கழற்றவில்லை. ஆனால் நின்றார்.

“இப்போது நீங்கள் அவரிடம் ஒரு வாக்கியம் சொன்னீர்கள். இத்தே கிமாசு. அதை ஆங்கிலத்தில் அயற்கூற்றாக்க எனக்கு வரவில்லை.”

“எளிது,” என்றார். “ஹீ செட் தட் ஹீ வுட் கோ அண்ட்...” நிறுத்தினார். “இல்லை.” மறுபடியும் வாயசைத்துப் பார்த்தார். “இல்லை. இதற்கு அந்தப் பொருள் இல்லை. வீட்டைவிட்டுப் புறப்படுகிறவன் சொல்வது. இது ஒரு வழக்கம்.”

“அப்படியானால் எப்படி எழுதுவது?”

சட்டைப் பையிலிருந்து புத்தகம் வந்தது. பக்கங்கள் புரண்டன. கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது. “ஹீ டுக் லீவ்,” என்றார். விடைபெற்றான். வகுப்பில் முதல் ஆளாக விடை கண்டுபிடித்த மாணவனின் முகம்.

“எங்கள் மொழியிலும் அப்படியே சார். போயிட்டு என்றால் இத்தே. வரேன் என்றால் கிமாசு. புறப்படுகிற ஒவ்வொருவரும் சொல்வார்கள். போகிறேன் என்று மட்டும் சொல்லமாட்டோம், அது கெட்ட சொல்.”

“போயித்து வரேன்,” என்று அவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

“நேற்று ஒருவர் உங்களிடம் அதைச் சொன்னார் சார். விடைபெற்றார். நான் அதைச் சொல் சொல்லாக மாற்றிவிட்டேன்.”

தட்டச்சு நின்றது. அவர் கை புத்தகத்திலிருந்து கீழே இறங்கியது. அது எந்தப் பக்கம் போகும் என்பதைத் தவிர உலகத்தில் எனக்கு வேறு கேள்வி இல்லை.

“யார்?”

“முத்தையா. மனைவிக்கு ஒன்பதாம் மாதம் என்றவர்.”

கன்னத்தில் ஒன்று விழுந்தது. இடது காதில் வெகுநேரம் வண்டு பறந்தது. “இது மொழிபெயர்ப்புக்கு,” என்றார். பிறகு உள்ளே போய்ப் பட்டியலை எடுத்து, அந்தப் பெயரின் மேல் அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டார். “இது இலக்கணத்துக்கு.” ஓரத்தில் ‘அடுத்த முறை’ என்று எழுதினார். அந்த இடத்தில் வேறு பெயர் எழுதவில்லை. அதை மட்டும் நான் எதிர்ப்பக்கம் நின்று தலைகீழாக மூன்று தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

(அடுத்த முறை ஆள் கேட்டு வந்தபோது முத்தையா, அஞ்சலை, கைக்குழந்தை மூவரும் அலோர் ஸ்டார் பக்கம் ஒரு மலாய்க்காரரின் வயல்காட்டில் இருந்தார்கள். எங்கே அவர்கள் என்று அதிகாரி கேட்டார். ‘எனக்குத் தெரியாது’ என்று சொன்னேன், சுத்தமான நேர்க்கூற்றில்.)

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். உங்கள் முன்னால் நிற்பவர் சொல்லுகிற சொல் ஒன்று, அந்தச் சொல்லால் அவர் செய்கிற காரியம் ஒன்று. மொழிபெயர்க்க வேண்டியது எது என்று ஒவ்வொரு முறையும் ஒரு நொடி நில்லுங்கள். அந்த நொடி யாருக்கும் தெரியாது. மேலதிகாரியின் தப்பைத் திருத்த வேண்டி வந்தால், விடையை நீட்டாதீர்கள், கணக்கை நீட்டுங்கள். அவரே போட்டு முடிக்கட்டும்.

இந்த இடத்தில் நிறுத்தினால் நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஆகவே நிறுத்த முடியாது.

அந்தப் பட்டியலில் ‘வரமாட்டேன்’ என்று தெளிவாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்கள் தெளிவாகச் சொன்னார்கள், நான் தெளிவாக மொழிபெயர்த்தேன், அதிகாரி தெளிவாகப் பெயர் எழுதினார். அதில் எங்கும் இலக்கணப் பிழை கிடையாது. அதனால் எனக்குத் திருத்த எதுவும் கிடைக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை லாரி வந்தது. ஒவ்வொருவராக ஏறினார்கள். ஏறும்போது பெண்டாட்டியிடம், பிள்ளையிடம், லயத்து நாயிடம்கூடச் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற என்னிடமும் சொன்னார்கள். “போயிட்டு வரேன் கிராணியாரே.” “போயிட்டு வரேங்க.” கடைசியாகச் சடையன். பழைய சாக்கில் மாற்றுத் துணி. “போயிட்டு வரேன். யாராச்சும் காய்ச்சல்னு வந்தா மருந்த அவங்களுக்குக் குடுங்க,” என்றான்.

அதிகாரி எனக்கு அருகில் நின்றிருந்தார். “அவர்கள் என்ன சொல்கிறார்கள்?” என்று கேட்டார். விடை அவருக்குத் தெரியும். முந்தைய நாள்தான் அவரே கண்டுபிடித்த விடை. நான் ஒப்பிக்க வேண்டியதுதான் பாக்கி. விடைபெறுகிறார்கள், சார்.

“திரும்பி வருவதாகச் சொல்கிறார்கள், சார்,” என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கையில் பென்சில் இருந்தது. சரியும் போடவில்லை, திருத்தவும் இல்லை. லாரி வளைவைத் தாண்டும்வரை இருவரும் அப்படியே நின்றோம்.

மூன்று மாதம் ஆயிற்று. ஆறு மாதம் ஆயிற்று. சண்டை முடிந்தது. சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயரைப் பதியும் இந்த மேசைக்கு நான் வந்தேன். அந்த லாரியில் போனவர்களின் பெண்டாட்டிகள் இதே மேசைக்கு முன்னால் வந்து நின்று பெயர் பதிந்துகொண்டு போனார்கள். நான் எழுதிக்கொண்டேன். தாம் கணவரை இன்னும் எதிர்பார்ப்பதாக அவர் கூறினார். தாம் கணவரை இன்னும் எதிர்பார்ப்பதாக அவர் கூறினார்.

ஒருநாள் முற்பகல், தலையைத் தூக்காமல், “பெயர்?” என்று கேட்டேன். பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். எலும்புக்கு மேல் சட்டை மாட்டிய மாதிரி ஒருவன். காலில் புண்ணுக்குச் சுற்றிய துணி. கண்ணில் மட்டும் பழைய குறும்பு.

“கிராணியாரே,” என்றான் சடையன். “வந்துட்டேன்.”

அவன் அந்தக் குட்டைக்கால் நாற்காலியைக் கவனமாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.

“அன்னிக்கு லாரில ஏறுறப்ப நான் சொன்னத, அந்தாளு உங்ககிட்ட கேட்டான்ல? பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். என்னான்னு சொன்னீங்க?”

“நீ திரும்பி வருவேன்னு சொன்னதா சொன்னேன்டா.”

அவன் காலில் அவிழ்ந்திருந்த துணியை இழுத்துக் கட்டினான்.

“பரவால்ல,” என்றான். “ஒரு தடவயாச்சும் எனக்கு உள்ளத எனக்கே வந்து சேர்ற மாதிரி சொல்லியிருக்கீங்க.”